அகலத் திரையின் ஓரங்கள்

பதிப்பகத்தில் அவளுக்கு மார்ஜின் அக்கா என்று பெயர். பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. ஓரத்தில் ஒரு நூல் இடம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. கூப்பிடுகிறவர்கள் பாதி கேலியாகவும் பாதி பயந்தும் கூப்பிட்டார்கள். "அக்கா பார்த்தாச்சா?" என்று கேட்காமல் முதலாளி எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டார்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனபோது அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த அகலத் திரை. கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இது மானிட்டரா, சாப்பாட்டு மேஜையா? நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருக்கே."

"கிண்டல் பண்ணாதீங்க. இடது பக்கம், வலது பக்கம் ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கலாம். படமெல்லாம் ஓரத்துல திறந்தே கிடக்கும். மூடி மூடித் திறக்கற வேலை மிச்சம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. பழைய சின்னத் திரையில் ஜன்னல்களை மாற்றி மாற்றியே நாள் போகும். இதில் விரித்த புத்தகம் விரித்தபடியே கண்முன் கிடந்தது. குறைகளும் இருந்தன. அகலம் இருந்த அளவுக்கு உயரம் இல்லை. முழுப் பக்கமும் தெரியவேண்டும் என்றால் எழுத்து எறும்பாகிவிடும். கழுத்து வலித்தது. அம்புக்குறி அடிக்கடி தொலைந்துபோனது. எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று மவுஸை உலுக்கு உலுக்கென்று உலுக்குவாள். புதுப் பொருள், பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

பழகவில்லை. அறிவியல் புத்தகத்தில் இடது ஓரத்துப் பக்க எண்கள் ஓர் அத்தியாயம் முழுக்க விடுபட்டிருந்தன. அடுத்த புத்தகத்தில் வலது ஓரத்துப் படம் ஒன்று பாதி வெட்டுப்பட்டு அச்சாகியே வந்துவிட்டது. முதலாளி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"உடம்புக்கு ஏதும் முடியலையா அக்கா?" என்றுதான் கேட்டார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இந்தப் புது மானிட்டர்தான் ஓரத்துல மங்கலா இருக்கு. கடையில சொல்றேன்."

கடைக்காரர் ஆள் அனுப்பினார். வந்தவர் திரை முழுக்க வெள்ளையாக்கிப் பார்த்தார், கறுப்பாக்கிப் பார்த்தார். "இந்த மாடல்ல ஓரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும் மேடம். அதை ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது. குறை திரையில்தான். அதையே சொல்லிக்கொண்டு மேலும் சில மாதங்களை ஓட்டினாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டபோதும், மேஜையோரத்துத் தம்ளரைத் தட்டிவிட்டபோதும், தூக்கம் போதவில்லை என்று நினைத்தாளே தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். திரையின் வலது மூலையில் முதலாளியின் செய்தி ஒன்று எட்டிப்பார்த்து மறைந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ஏன், அவருக்குப் பதில் போடலையா?"

"யாருக்கு?"

"ரெண்டு தடவை வந்துச்சே. இதோ, இந்த மூலையில."

"எதுவும் வரலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முதல்நாள் வண்டியில் ஏறுகிறவர்களுக்குச் செய்கிற சோதனை ஒன்று அவருக்குக் கைப்பழக்கம்: நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் விரலை ஆட்டுவார்.

"நடுவுல இருக்கற இந்த எழுத்தையே பாரு. கண்ணை நகர்த்தாதே. அம்புக்குறி மறைஞ்சதும் சொல்லு."

மவுஸை அவர் மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார். "போயிடுச்சு" என்றாள். இடப்பக்கம் நகர்த்தினார். "போயிடுச்சு." மேலும் கீழும்கூட அப்படித்தான். அவர் மறுபடி முதலிலிருந்து செய்தார்.

"என்னங்க, எவ்வளவு தூரத்துல போச்சு?"

அவர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் திரையின் நடுவில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். மிச்சத் திரை இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்காவது வெளிச்சப்புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினாள். பிறகு காத்திருந்தாள். நெடுநேரம் எதுவும் வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சா பாருங்களேன்" என்றாள்.

கருவியை இயக்கிய பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஓடிட்டுத்தாங்க இருக்கு" என்றாள்.

டாக்டர் வயதானவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி நரம்பை அரித்திருக்கிறது. வலி இருக்காது, சிவக்காது, அதனால் யாருக்கும் தெரியாது.

"பல வருஷமா நடந்திருக்கும்மா. நடுப்பார்வை நல்லா இருந்ததால சமாளிச்சிருக்கீங்க."

"முன்னாடி ஒரு தப்பும் வரலையே டாக்டர். இந்த மானிட்டர் வந்தப்புறம்தான்."

"பழைய மானிட்டர் எவ்வளவு பெரிசு?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். டாக்டர் தலையசைத்தார். மிஞ்சிய பார்வைக்குள் அந்தச் சின்னத் திரை அடங்கியிருந்திருக்கிறது, இது அடங்கவில்லை. அவ்வளவுதான்.

"போனது திரும்புமா டாக்டர்?" என்று கேட்டது கணவர்.

"திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து தரேன். ஒரு வேளை கூட விடாம போடுங்க. அதையும் மீறிக் குறையலாம். பார்ப்போம்."

முதலாளியிடம் அவளே சொன்னாள். அவர் இனிமேல் மெய்ப்புத் திருத்தும் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். பக்கம் அமைப்பதை ஒரு புதுப் பையனுக்குக் கொடுத்தாயிற்று. நல்ல பையன்தான். சந்தேகம் வந்தால் போனில் கேட்டான். அப்புறம் கேட்பதும் குறைந்தது.

ஓரத்து ஜன்னல்களை மூடிவிட்டு நடுவில் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்துபார்த்தாள். இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்த திரையின் முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை. "வித்துடலாங்க" என்றாள்.

வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர் மனைவியோடு வந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை.

"நீளமான வேலைக்கு இதை மாதிரி கிடையாது. ஆனா உயரம் பத்தாது. ரொம்பப் பக்கத்துல உட்காராதீங்க, கழுத்து பிடிச்சுக்கும்."

வந்தவர் குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடது மூலைக்குப் போனதும் நின்றார்.

"இங்க ஒரு பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருக்கே. வாங்கும்போதே இருந்துச்சா?"

அவள் முகத்தைத் திருப்பி மூலைக்கு நேராகக் கொண்டுபோனாள். புள்ளி இருந்தது, பளிச்சென்று. எத்தனை நாளாக இருந்ததோ.

"நான் கவனிக்கலைங்க" என்றாள்.

அவர் மனைவி ஆச்சரியப்பட்டாள். "தினமும் இதுலதானே வேலை பார்த்தீங்க?"

"விலையில கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கணவர் குறுக்கே புகுந்தார்.

திரையைப் போர்வையில் சுற்றி ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் "பார்த்து, பார்த்து" என்று கணவர் சொல்வது கேட்டது. அவள் சுவரைத் தடவிக்கொண்டு அறைக்கு வந்தாள். மருந்து போடும் நேரம். தலையை அண்ணாந்து புட்டியைக் கவிழ்த்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி கவிழ்த்தாள்.