பெர்னார் சுக்கான் பிடித்த நேரம்

கமலாட்சி துணி பார்க்கிறவள். கியூர்பிப் மலையூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக அதுதான் வேலை. விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுப்போன கண்ணி, ஊசி உடைந்து விழுந்த கோடு, எண்ணெய்ப் பொட்டு, எது கண்ணில் பட்டாலும் மிதியை அழுத்தி நிறுத்தி அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஒட்டு வைப்பாள். உருளை முடிந்ததும் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்துப் போட்ட உருளை எதுவும் இதுவரை ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அவள் கணவன் மருதைமுத்து கடலோர ஊரான ரிவியேர் நுவாரில் படகுத் தலைவன். விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரர்களை ஆழ்கடலுக்கு ஏற்றிப்போவான். படகின் பின்னால் போலி இரைகளை இழுத்துக்கொண்டே ஓட்டி, மார்லின் மீனும் சூரையும் பிடிக்கவைப்பான். துறையில் அவனை எல்லோரும் 'மர்தே' என்பார்கள். கமலாட்சியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோயிலுக்கு வெளியே அவர்கள் பேசுவது கிரியோல். அந்தப் பாஷையில் புருஷனைப் பெயர் சொல்லி அழைப்பதில் யாருக்கும் கூச்சமில்லை.

துறையில் மர்தேக்கு இருந்த நல்ல பேரே அவன் ஓட்டும் விதத்தால் வந்தது. படகுக்குப் பின்னால் நீளும் நுரை, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக இருக்கும். முதல்முறை கடலுக்கு வரும் பயணிகளுக்குக்கூட அவன் படகில் வயிற்றைப் புரட்டாது. அவனோடு பன்னிரண்டு வருடமாகத் தூண்டில் பார்க்கும் பெர்னாரின் கதை வேறு. மர்தே மதியம் சாப்பிட உட்காரும்போது சுக்கான் பெர்னார் கைக்கு வரும். படகு இங்கொரு கால் அங்கொரு கால் வைக்கும். "பெர்னார் ஓட்டினா நம்ம நிழலே நம்மைத் தேடும்" என்று மர்தே பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பான். பெர்னாரும் சேர்ந்து சிரிப்பான். பெர்னாரின் மனைவி பியெரெட் கமலாட்சியின் தொழிற்சாலையில்தான் தைக்கிறாள்; காலை வண்டியில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து மலையேறுவார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அக்டோபரில், படகு உரிமையாளர் ஜான்-க்ளோட் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கேமரா வாங்கிவந்தார். மூக்கு கூர்ந்து, வால் பக்கம் நாலு துடுப்பு வைத்த ஓர் உலோகக் குழாய். அதை நீண்ட கம்பியில் கட்டித் தண்ணீருக்கடியில் இழுத்துப்போனால், பின்னால் வரும் போலி இரைகளை அது பார்த்துக்கொண்டே வரும். படம் கம்பி வழியாகப் படகின் அறைக்குள் இருக்கும் சிறிய டிவிக்கு வந்து, கேசட்டில் பதிவாகும். மீன் எந்த இரையைத் தேடி வருகிறது, எதைக் கண்டு விலகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

ஒரு வாரம் இழுத்தார்கள். ஜான்-க்ளோட் முதல் கேசட்டைக் கால் மணி நேரம் பார்த்தார். நீலம், குமிழி, மறுபடியும் நீலம். கொட்டாவி விட்டுவிட்டு, "நீயே பார், மர்தே" என்று ஒன்பது கேசட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மர்தே வீட்டில் போட்டுப் பார்த்தான். அவனுக்கும் அதே நீலம்தான். கமலாட்சி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். திடீரென்று, "அதோ வருது" என்றாள்.

"எது?"

"வலது பக்க இரைக்குக் கீழே. கொஞ்சம் பின்னால் ஓட்டு."

ஓட்டினான். ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்தாள். நீலத்துக்குள் அதைவிட ஒரு சாயல் அடர்ந்த நீலம், விரல் நீளத்துக்கு. அது பெருத்து, வரி தெரிந்து, ஒரு வாஹூ மீனாகி, இரைக்குப் பின்னாலேயே நாலு நிமிடம் வந்தது. பிறகு ஆர்வம் விட்டதுபோல் விலகிப் போயிற்று.

"கெத் சா!" என்றான் மர்தே. கிரியோலில் அதற்கு 'இதைப் பார்' என்று அர்த்தம்; காட்ட அங்கே வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வேலை கமலாட்சியுடையதாயிற்று. நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, கேசட் எண், திரையின் மூலையில் ஓடும் மணி, எந்தப் பக்க இரை, எவ்வளவு நேரம் பின்தொடர்ந்தது, கடித்ததா இல்லையா என்று எழுதினாள். அவளுக்கு மீன் பெயர் பாதி தெரியாது. தெரியாததற்கு 'தட்டை', 'நீளம்', 'மஞ்சள் வால்' என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, கணவன் பகலெல்லாம் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அவனுக்கே தெரியாத அடிப்பக்கம்தான் என்றாலும்.

நாலாவது ஞாயிறு மாலையில் நோட்டை மூடினாள்.

"முப்பத்தொரு மீன் வந்திருக்கு. அஞ்சுதான் கடிச்சது."

"முப்பத்தொண்ணா?"

மர்தே நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான். கேமரா இழுத்த அந்த வாரத்தில் இரண்டு நாள் வெறும் கையோடு திரும்பியிருந்தான். இரண்டு நாளும் பயணிகளிடம், இன்றைக்குக் கடலில் மீனே இல்லை என்று சொல்லியிருந்தான்.

"இரையை மாத்தணும்" என்றான் கடைசியில். "நிறம் சரியில்லை."

"நிறம் இல்லை, மர்தே. மீன் கடிச்ச அஞ்சு தடவையும் வெளிச்சம் சாயுது."

"என்ன வெளிச்சம்?"

மேலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் வெயில் கீற்றுகள் திரையில் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. மீன் கடிப்பதற்குச் சற்று முன்னால் மட்டும் அந்தக் கீற்றுகள் சுழன்று அடுத்த பக்கம் சாய்ந்தன. துணி பலகையில் கோணலாக ஏறினால் வரி சாய்வதைப்போல என்றாள் அவள். படகு திரும்புகிறது. திரும்பும்போது உள்பக்கத்து இரை வேகம் குறைந்து, அடிபட்ட மீன்போலத் தளர்ந்து அமிழ்கிறது. பின்னால் சும்மா வந்துகொண்டிருந்த மீன் அப்போதுதான் பாய்கிறது.

மர்தே ஐந்து இடத்தையும் போட்டுப் பார்த்தான். அவள் சொன்னது சரியாக இருந்தது.

"நான் எங்கே திருப்பினேன்?" என்றான்.

கமலாட்சி இதற்குத்தான் தயங்கிக்கொண்டிருந்தாள். "பதினொன்றே முக்காலுக்கு நீ என்ன செய்வே?"

"சாப்பிடுவேன்."

"அஞ்சுல நாலு, பதினொன்றே முக்காலுக்கும் பன்னிரண்டே காலுக்கும் நடுவில."

அவன் முகம் மாறியது. "அது நடுப்பகல் மீன். உச்சி வெயில்ல மேலே ஏறி வரும். ரிவியேர் நுவாரில் எல்லாருக்கும் தெரியும்."

"அஞ்சாவது, மதியம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு. செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு நீ எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?"

செவ்வாய்க்கிழமை ஒரு பயணியின் கையில் தூண்டில் முள் குத்தி, அதற்குக் கட்டுப்போட்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணி ஆகியிருந்தது. அதை அவனே வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். அவன் எழுந்து வெளியே போனான். முற்றத்தில் கிடந்த கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். ஏற்கெனவே சுற்றியிருந்த கயிறுதான் அது.

அடுத்த ஞாயிறு பயணிகள் இல்லை. "நீயும் வா. டிவி முன்னால் உட்கார்" என்றான். கமலாட்சி அதுவரை படகில் ஏறியதில்லை.

பெர்னார் வழக்கம்போல் தூண்டில்களை இறக்கினான். என்ன சோதனை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. லெ மோர்ன் மலை பின்னால் சிறுத்ததும், முதல் ஒரு மணி நேரம் மர்தே தன் வழக்கப்படியே ஓட்டினான். அறைக்குள்ளிருந்து கமலாட்சி குரல் கொடுத்தாள்: "ஒண்ணு வருது, இடது பக்கம்... பின்னாலேயே வருது... போயிடுச்சு." கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்து, அதுவும் போயிற்று. பிறகு மர்தே சுக்கானை வளைக்கத் தொடங்கினான். இந்தப் பக்கம் ஒரு வளைவு, நேராகச் சற்று ஓட்டம், அந்தப் பக்கம் ஒரு வளைவு. அலை பக்கவாட்டில் மோதியது. கமலாட்சி மடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, குமட்டலுக்கு நடுவில் கத்தினாள்.

"வலது பக்கம்! பெரிசு!"

மர்தே வலப்பக்கம் ஒடித்தான். திரையில் அந்த இரை தளர்ந்து அமிழ்வதும், நிழல் வாயாக மாறுவதும் அவளுக்குத் தெரிந்தது. மறுகணம் மேலே தூண்டில் உருளை கிறீச்சிட்டது. மதியத்துக்குள் ஒரு சூரையும் இரண்டு டொராட் மீனும். பெர்னார் கைகளெல்லாம் மீன் இரத்தத்தோடு மேலே பார்த்துச் சிரித்தான்.

"என்ன கேப்டன், இன்னைக்கு நீ என்னை மாதிரி ஓட்டுறே!"

மர்தே சிரிக்கவில்லை.

அன்று மாலை அவன் நோட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். நாளைக்கு ஜான்-க்ளோட் கேட்பார் என்றான். நல்ல தாளில் திருத்தி எழுதித் தரச் சொன்னான்.

"திருப்பினா மீன் கடிக்குது, அது போதும் அவருக்கு. மணி எழுதியிருக்கிற வரிசை எதுக்கு? அதை விட்டுடு."

"அதை விட்டா, யார் திருப்பினதுன்னு தெரியாது."

"ஆமாம்."

"பியெரெட் தினமும் என் பக்கத்தில உட்கார்ந்து வர்றா, மர்தே."

"அவளுக்கு என்ன தெரியும்?"

"அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." கமலாட்சி நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். "நான் பார்த்ததைத்தான் எழுதினேன். வேண்டாம்னா நீயே கிழி. நான் இன்னொண்ணு எழுத மாட்டேன்."

அவன் கிழிக்கவுமில்லை, வேறு எழுதச் சொல்லவுமில்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனான். அதைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்று வாரம் இருவரும் சாப்பாடு, மழை, அவன் தம்பி வீட்டுக் கல்யாணம் என்று மற்றதெல்லாம் பேசினார்கள். வண்டியில் பியெரெட் எப்போதும்போல் மேற்பார்வையாளரைத் திட்டிக்கொண்டு வந்தாள். கமலாட்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஆமாம் போட்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, பியெரெட் வண்டியில் ஏறும்போதே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மர்தே என்ன செஞ்சான் தெரியுமா?"

கமலாட்சி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

ஜான்-க்ளோட் மூன்றாவதாக ஒரு படகு வாங்கியிருந்தார். அதற்குத் தலைவனாக ரெயூனியோன் தீவிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னாராம். அப்போது மர்தே அந்த நோட்டைத் திறந்து, மணி வரிசையில் விரலை வைத்து, "அஞ்சும் பெர்னார் சுக்கான் பிடித்த நேரம், மிஸ்யே. ஆள் வெளியிலிருந்து எதுக்கு?" என்றானாம். நோட்டு மூன்று வாரமாக ஜான்-க்ளோட்டின் அலுவலகத்தில்தான் கிடந்திருக்கிறது. அவர் அந்த வரிசையைப் பார்த்ததேயில்லை. இப்போது பார்த்துவிட்டு, புதுப் படகைப் பெர்னாருக்கே கொடுத்துவிட்டாராம்.

"பெர்னார் நேத்து சாப்பிடவே இல்லை. சும்மா உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே இருந்தான்" என்றாள் பியெரெட்.

அன்று மாலை கமலாட்சி மர்தேக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவன் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

பெர்னார் புதுப் படகை எடுத்துப்போன முதல் நாள் கதையை மர்தேயும் பியெரெட்டும் தனித்தனியே அவளுக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். பெர்னார் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு ஜெர்மன்காரர்களை ஏற்றிக்கொண்டு போனான். காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. பத்தரை மணிக்கு அரை மைல் தள்ளி அவனைக் கடந்த மர்தே திரும்பிப் பார்த்தான். பெர்னாரின் படகுக்குப் பின்னால் நுரை ஒரு நேர்க்கோடாக நீண்டிருந்தது. தன்னுடையதைவிட நேராக.

மர்தே ரேடியோவை எடுத்தான்.

"பெர்னார், என்ன செய்யுறே?"

"ஓட்டுறேன், கேப்டன்."

"யாரை மாதிரி ஓட்டுறே?"

"உன்னை மாதிரி" என்றான் பெர்னார். "தலைவன்னா அப்படித்தானே ஓட்டணும்?"

இந்த இடத்தை மர்தே சொல்லும்போது வேகமாகக் கடந்துபோனான். பியெரெட்தான் முழுதாகச் சொன்னாள். மர்தே ரேடியோவில் பேசியது மற்ற படகுகளுக்கும் கேட்டிருக்கிறது. அது தெரிந்தேதான் பேசினான்.

"முப்பத்தொரு மீன் வந்தது. நான் ஓட்டினப்போ ஒண்ணுகூடக் கடிக்கலை. கடிச்சது அஞ்சு, அஞ்சும் நீ ஓட்டினப்போ. நீ ஓட்டுற மாதிரி ஓட்டு."

"நான் எப்படி ஓட்டுவேன்?"

"கோணலா."

பெர்னார் பன்னிரண்டு வருடம் யோசிக்காமல் செய்ததை அன்று யோசித்துச் செய்யவேண்டியிருந்தது. முதலில் வரவில்லை, அதிகமாக ஒடித்து, இரண்டு தூண்டில் கயிற்றைச் சிக்கவைத்தான். ஒரு ஜெர்மன்காரருக்கு வாந்தி. சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் சுக்கானுமாக அவன் நின்றபோது படகு தானாகக் கோணிக்கொண்டது. துறைக்குத் திரும்பும்போது இரண்டு வாஹூ, ஒரு சூரை.

மறுநாள் பியெரெட் மாங்காய் போட்டு வறுத்த வாஹூ துண்டுகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கமலாட்சி பலகையின் விளக்கை அணைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.