நல்ல செம்பு வரும் வரை

அய்யாத்துரைக்கு வெளியூர்க் கரண்ட் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குத் தண்ணீர் மாறினால் தொண்டை கட்டிக்கொள்வதைப் போல, அவனுக்குக் கரண்ட் மாறினால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் சோலாப்பூரில் துண்டு நெய்யும் ஒரு மில்லில் வேலை கிடைத்தபோது, சங்கரன்கோவில் வீட்டு ப்ளக் பாயிண்டிலிருந்தே எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக்கொண்டு போனான். ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, தெருவைக் கடந்து, தண்டவாளத்தை ஒட்டியே அவன் அறையில் கட்டில் தலைமாடு வரை போயிற்று. தொய்வே இல்லாமல் அளந்து வாங்கிய ஒயர்.

அவன் மனைவி சூரியகலா வீட்டில் தனியாக இருந்தாள். போனில் பேச இருவருக்கும் விஷயம் தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. சாப்பிட்டாச்சா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் சாயங்காலம் அவன் அறைக்குத் திரும்பி ஃபேனைப் போட்டால் ஒயர் லேசாக வெதுவெதுப்பாகும். அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சூடு ஆறினால் அவன் வெளியே போய்விட்டான் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ப்ளக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது. அவள் எலக்ட்ரிக் கடைக்குப் போனாள்.

"என்ன லோடுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர் ஜெய்லானி.

"ஒரு லைட்டு, ஒரு ஃபேன்."

"அதுக்கு இப்படி உருகாதே. அங்க வேற ஏதோ ஓடுது."

வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் அவள் கூடவே வந்தது. அங்கே யாரோ சமைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வளையல் போட்ட ஒரு கைகூட மனசில் தெரிந்தது. செருப்பைக் கழற்றாமலேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"ப்ளக் கருகிப்போச்சு. அங்க புதுசா என்ன ஓடுது?"

"மிக்ஸி ஒண்ணு வாங்கினேன்," என்றான்.

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல கலா. காலைல நம்ம வீட்ல சட்னி அரைக்கிற சத்தம் கேக்கும்லா. அது இல்லாம எந்திரிக்க முடியல."

"அதுல என்ன அரைக்கீங்க?"

"ஒண்ணும் போடறதில்ல. மூடியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். "வெறும் மிக்ஸிய ஓட்டாதீங்க, மோட்டார் போயிரும். கொஞ்சம் தண்ணியாவது ஊத்துங்க," என்றாள். "இப்ப ஆஃப் பண்ணிக்கிடவா?"

"பண்ணு. நான் முற்றத்துல போய் நிக்கேன்."

அவள் சுவிட்சை அணைத்தாள். அதோடு விடாமல் ப்ளக்கையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். கருகிய இடத்தை வெட்டிப் பார்த்தபோது உள்ளே கம்பி கறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். செம்பு பளபளவென்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். ஒரு நூல்கூடப் பிரிந்து நிற்காமல் முறுக்கி, வாங்கி வந்த புது ப்ளக்கில் சிவப்பை L என்று போட்ட இடத்திலும் கறுப்பை N என்று போட்ட இடத்திலும் பச்சையைப் பெரிய பின்னிலும் வைத்து முடுக்கினாள். பச்சையை மட்டும் சற்று நீளமாக விட்டாள். எங்கேயாவது இழுபட்டால் அதுதான் கடைசியாகக் கழற வேண்டும். பிடிமானப் பட்டையை ஒயரின் மேலுறையைக் கவ்வும்படி இறுக்கி, மூடியைப் போட்டு, ஒயரை இழுத்துப் ப்ளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

உடனே போன் வந்தது.

"கட்டில் ஒரு சாண் தெற்க நகர்ந்திருக்கு."

"ஒயரைக் கொஞ்சம் வெட்ட வேண்டியதாப்போச்சு."

"சரி," என்றான் அவன். வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ப்ளக் நன்றாகத்தான் இருந்தது. அவள் இன்னொன்று வாங்கி வந்தாள். இந்த முறை ஒரு முழம் வெட்டினாள். கட்டில் வாசற்படிக்கு வந்துவிட்டதாக அவன் சொன்னான். அதற்கடுத்த வாரங்களில் அவள் இன்னும் நீளமாக வெட்ட வெட்ட, அவன் தெருமுனைக்கு வந்தான், மில் கேட்டைத் தாண்டினான், ஒரு மைதானத்தில் சில நாள் இருந்தான். ஜெய்லானி ப்ளக்குகளை டஜனாகவே கட்டிக் கொடுத்தார். போனில் இருவருக்கும் பேச நிறைய இருந்தது. இன்றைக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். அவன் சுற்றிலும் பார்த்துச் சொல்வான்.

பிறகு ஒருநாள் அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"மில்லுக்கு நடக்க ரொம்ப தூரமாயிருச்சு. தினமும் ஏன் லேட்டுன்னு சூப்பர்வைசர் கேக்காரு. இனிமே வெட்டினா வேலை போயிரும் கலா."

அவள் கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்த வாரம் முழுக்க ஒயர்மேல் கை வைக்கவில்லை. வெதுவெதுப்பு மட்டும் இப்போது அவளுக்குப் போதவில்லை. பேச்சு மறுபடியும் சாப்பாட்டோடு நின்றது.

ஒரு சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"இந்தப் பக்கம் சாக்கெட்டும் கருகிருச்சு. நீ ஆஃப்ல போடு, நான் மாத்திக்கிடுதேன்."

அவள் அணைத்து, பிடுங்கி வைத்துக் காத்திருந்தாள். முடிந்தது என்று அவன் சொல்ல வெகுநேரமாயிற்று.

"எவ்வளவு வெட்டினீங்க?"

"நல்ல செம்பு வர்ற வரைக்கும்."

"அது எவ்வளவு?"

"உள்ள ரொம்ப தூரத்துக்குக் கறுப்பாத்தான் இருந்துச்சு," என்றான் அவன்.

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது தெரு இல்லை. வீடு தண்டவாளத்தின்மேல் நின்றிருந்தது. எதிரே மஞ்சள் பலகையில் காட்பாடி என்று எழுதியிருந்தது. தகரப் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் படியேறி உள்ளே வந்தார்.

"ஜன்னல் பக்கம் ஆள் இருக்காம்மா?"

"இல்ல," என்றாள் சூரியகலா. பாயைச் சுருட்டி இடம் விட்டாள்.

அவர் பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சோலாப்பூர் போகிற வழியில் குண்டக்கல் வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.