மாசிப் பந்தயம்

மாசி மாதப் பந்தயத்தை எங்கள் ஊரில் யாரும் பந்தயம் என்றே சொல்லமாட்டார்கள். "உடம்பு சோம்பலை உதறுததுக்கு ஒரு ஓட்டம்" என்பார் தில்லைநாயகம் அண்ணாச்சி. தென்காசியில் அவருக்கு வாடகை சைக்கிள் கடை. நான் பிச்சைமணி, அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். பந்தயம் வந்தால் காற்று மறைக்கிறவன்.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆடியில் குற்றாலத்தில் சாரல் பிடித்து ஊரே நிரம்பி வழியும்போது மூன்று நாள் பெரிய பந்தயம் நடக்கும். ஒவ்வொரு சைக்கிள் கடைக்கும் இரண்டு பேர். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆளைப் பின்னால் தள்ளும். ஒருவன் முன்னால் போய் அதை நெஞ்சில் வாங்குவான், மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வருவான். எல்லைக் கோடு கண்ணில் பட்டதும் பின்னால் வந்தவன் பாய்ந்துபோய் மாலையை வாங்கிக்கொள்வான். எங்கள் கடையில் மாலை வாங்குகிறவன் வேல்சாமி, அண்ணாச்சியின் மைத்துனன். மூன்று வருஷம் காற்றில் அடிபட்டது என் நெஞ்சு, மாலை விழுந்தது அவன் கழுத்தில். இப்போது சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் மாசிப் பந்தயமாவது எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லி நான் முதலில் வரவேண்டும், அவ்வளவுதான். அதுவும் மூன்று நாள் ஓட்டம், மூன்று நாள் நேரத்தையும் கூட்டித்தான் கணக்கு. ஆனால் எந்தக் கடைக்காரரும் அதற்கு நல்ல டயர்கூட மாட்டமாட்டார். முதல் நாள் செங்கோட்டை, இரண்டாம் நாள் சிவகிரி. இரண்டு நாளும் எல்லாக் கடை ஆட்களும் ஊர்க்கதை பேசிக்கொண்டே சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தார்கள். சிவகிரியில் இறங்கிக் கருப்பட்டிக் காப்பி வேறு. ஆக, மூன்றாம் நாள் காலையில் எல்லோருக்கும் ஒரே நேரம்.

புறப்படும்போது அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, வீரகேரளம்புதூர்ல திரும்பினதும் வேல்சாமிக்கு முன்னால போயிக் காத்த மறை. ஊர் எல்லையில அவன முன்னால விட்டுரு. நீ முந்தினேன்னு வச்சுக்கோ, ஆடிக்கு ஒனக்கு சைக்கிள் கெடையாது."

"சும்மா ஓட்டம்னுதான சொல்லுதிய அண்ணாச்சி? சும்மா ஓட்டத்துல எவன் முந்தினா என்ன?"

"சொன்னதச் செய்லே."

எனக்கென்று சொந்த சைக்கிள் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கீழப்பாவூர் தாண்டி, வீரகேரளம்புதூர் போய், மேற்கே தென்காசியைப் பார்க்கத் திரும்பினோம். திரும்பியதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். ஆடிப் பழக்கம். நானும் பழக்க தோஷத்தில் வேல்சாமிக்கு முன்னால் போய்க் குனிந்தேன். ஒரு மைல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காற்றே இல்லை. மாசியில் ஏது மேல்காற்று? பனையோலைகூட அசையவில்லை. அடிக்காத காற்றை நான் எவனுக்காக மறைத்துக்கொண்டு போகிறேன்?

அப்போது வந்த கோபத்தில் மிதித்தேன் பாருங்கள்.

"ஏலே, நில்லுலே! அத்தான் என்ன சொன்னாவ?" என்று வேல்சாமி கத்தினான்.

"விடுடே, இன்னும் பன்னெண்டு மைல் கெடக்கு. எதிர்காத்து அவன முழுங்கிரும்" என்றான் வேறு கடை ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே குனிந்தபடி, இல்லாத காற்று என்னை முழுங்கட்டும் என்று காத்திருந்தார்கள். விஷயம் புரிந்து அவர்கள் விரட்ட ஆரம்பித்தபோது நான் ஊர் எல்லைக்கே வந்துவிட்டேன்.

எல்லைக் கோட்டில் கடிகாரக் கடை அகமது கபீர் நேரம் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்தவன் மூன்று நிமிஷம் கழித்து வந்தான். அது வேல்சாமிகூட இல்லை. வேல்சாமி வந்து இறங்கியதுமே, தான் கூப்பிட்டும் நான் நிற்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் கத்தினான்.

தில்லைநாயகம் அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. மற்றக் கடைக்காரர்கள் அவரையே பார்த்தார்கள். தன் கடை ஆளே தன் பேச்சைக் கேட்கவில்லை என்று வெளியே தெரிவது அவருக்குத் தோற்றதைவிடப் பெரிய அவமானம். என் தோளில் கையைப் போட்டுக் காதோரம் சொன்னார்.

"வேல்சாமி கூப்பிட்டது கேக்கலன்னு மட்டும் சொல்லிரு. ஆடிக்கு ஒனக்கு சைக்கிள் உண்டு."

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். "பையனுக்குக் கேட்டிருக்காது, அதான் வந்துட்டான்."

கபீர் என்னைப் பார்த்தார். "வேல்சாமி கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலையா, பிச்சைமணி?"

ஆடிப் பந்தயம் என் கண் முன்னால் வந்துதான் போனது. சைக்கிளை அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

"நல்லாக் கேட்டுச்சு. கேட்ட பெறவுதான் இன்னும் வெரசா மிதிச்சேன்."