நீல வாந்தி

முத்துராஜாவின் கட்டிலோரம் தொங்கிய பையில் சொட்டியது மூத்திரம் மாதிரியே இல்லை. பால் விடாத கட்டன் சாயா நிறத்தில், மண்டி மண்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. மகிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டின புருஷனைப் பார்த்து அருவருக்கக் கூடாதுதான். ஆனாலும் பார்க்க முடியவில்லை.

முந்தாநாள் காலையில் கம்பத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தவன் அவன். மத்தியானம், ஆத்தாவோடு பக்கத்து ஊர் தேவாரம் வரை போய் வருகிறேன் என்று பைக்கை எடுத்தான். வந்ததிலிருந்து வாந்தியும் கழிச்சலும். இன்று கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போக, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"என்ன குடிச்சாருன்னு யாராவது வாயத் திறந்து சொல்லுங்க" என்றாள் டாக்டர் சுபாஸ்ரீ. "ரத்தம் ஏத்த ஏத்த உள்ள அழிஞ்சுக்கிட்டே இருக்கு. இப்படியே போனா கிட்னியும் நின்னுரும். எந்த விஷம்னு தெரிஞ்சாத்தான் அதுக்குள்ள மாத்து மருந்து குடுக்க முடியும்."

மாமியார் பஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவ ஆக்கிப்போட்டதத் தவிர எம்பிள்ள வேற எதையும் தொடலம்மா."

டாக்டரின் பார்வை மகிமா மேல் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விஷக் கேஸ் என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நர்ஸ் முணுமுணுத்தாள். மகிமா டாக்டரிடம் திரும்பினாள்.

"ரத்தம் எப்படி டாக்டர் தானா அழியும்?"

"செவப்பணு சாகுறதுக்குன்னே அதுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கும்மா. விஷம் பட்டாலும் சரி, சில மாத்திர ஒத்துக்கலைன்னாலும் சரி, அணு சுருங்கி, தோலோட உள்பக்கத்த வெளிய திருப்பிக் காட்டும். நான் கெட்டுப்போயிட்டேன், என்னையத் தூக்கிப் போடுங்கன்னு சொல்ற மாதிரி. மண்ணீரல் அதப் புடிச்சுத் தின்னுரும். தினமும் கொஞ்சம் அப்படிப் போறது நல்லதுதான். இவருக்குக் கூட்டங்கூட்டமாக் கெளம்பிருச்சு. பாதி ரத்தக் குழாய்க்குள்ளயே வெடிச்சும் போகுது."

பஞ்சம்மாள் ஒரு கட்டைப்பையைக் கட்டிலடியில் திணித்து வைத்திருந்தாள். அவன் தேவாரத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை அதில் இருந்தது. அலசிப் போடலாம் என்று மகிமா குழாயடியில் அதை விரித்தாள். நாற்றம் மூளைக்கு ஏறியது. காய்ந்த வாந்திக்கு நடுவில் நெஞ்சிலிருந்து வயிறு வரை பச்சை கலந்த நீலம்.

அந்த நீலத்தை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். மழைக்காலத்தில் கொடிக்கு நோய் விழாமலிருக்க அவள் அப்பா ஏசுதாசன் டிரம்மில் மயில்துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார். அவர் வேட்டியிலும் நகக்கண்ணிலும் இருக்கும் அதே நீலம். மகிமா தண்ணீரைத் திறக்கவில்லை. சட்டையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "மயில்துத்தம் டாக்டர்" என்றாள்.

திரும்பி வந்து மாமியார் முன்னால் நின்றாள். "துத்தத்தக் கரைச்சு ஊத்துனது யாரு அத்தை?"

"துத்தமாவது மண்ணாவது! தேவாரத்துல மருந்து எடுத்தோம்டி" என்று பஞ்சம்மாள் சீறினாள். "பொண்டாட்டிகாரி சோத்துல வச்ச வசிய மருந்து கொடல்ல ஒட்டியிருக்குன்னு அங்க மந்திரிக்கிறவுக சொன்னாக. ஒரு செம்பு தண்ணி மந்திரிச்சுக் குடுத்தாக. குடிச்ச ஒடனே நீ வச்சதெல்லாம் நீலம் நீலமா வந்து விழுந்துச்சு. அங்கன இருந்தவுக அத்தன பேரும் பாத்தாக!"

மந்திரிக்கிறவன் நீலத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவானாம். அது நீலமாக வெளியே வந்தால் மருமகள் மருந்து வைத்ததற்குச் சாட்சியாம். அந்த வாந்தியைச் சுற்றி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இந்தக் குடும்பம் பைக்குக்குப் பெட்ரோலும் போட்டுக்கொண்டு போய்ச் செய்துவிட்டு வந்திருந்தது.

"உங்க பிள்ளைய ஏன் அத்தை அங்க இழுத்துட்டுப் போனீக?"

"நானா இழுத்துட்டுப் போனேன்? அவந்தான் கேட்டான். 'அவ சொன்னா என்னால தட்ட முடியல ஆத்தா, எனக்கு என்னமோ வச்சுட்டா'ன்னு அழுதான்."

தனியாக வேறு வீடு பார்ப்போமா என்று மகிமா ஒரு தரம் கேட்டாள், அவன் சரி என்றான். அந்தச் சரிக்குள் இத்தனை புழு நெளிந்திருக்கிறது. ஆசையாகத்தான் சொன்னான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்ததை நினைக்க அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் சாகட்டும் என்று விட மனம் வரவில்லை. டாக்டர் மாற்று மருந்தை ஆரம்பித்தாள். ரத்தம் இன்னும் வேண்டியிருந்தது. மகிமாவுக்கும் அவன் ரத்தப் பிரிவுதான். கையை நீட்டிப் படுத்தாள். அவள் ரத்தம் அவனுக்குள் இறங்கியது. பையில் இறங்கியது நாளுக்கு நாள் தெளிந்தது. ஒரு வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள்.

பஞ்சம்மாள் குளிக்கப் போயிருந்தாள். மகிமா கஞ்சியை ஆற்றி, உப்புப் பார்த்துப் போட்டு, டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். முத்துராஜா உதட்டை இறுக்கிக்கொண்டான். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

மகிமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அவன் கை நீட்டினான், கொடுக்கவில்லை. அவசரமே இல்லாமல் அடிவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"உங்க ஆத்தா இப்ப வந்துருவாக. ஆக்கித் தருவாக."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் கம்பம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து, அப்பா வீட்டு ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டாள்.