துணி ஒட்டிய நோட்டு

கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த எங்கள் நூலகத்தில் துணியின் வரலாறு மட்டும்தான். மூவாயிரம் புத்தகம், பழைய துணி மாதிரிகள் ஒட்டிய பதினோரு ஆல்பம். இதுபோல வேறெங்கும் கிடையாது என்று கேட்காதவர்களிடமும் சொல்வேன். லைப்ரேரியன் ஜெயசீலி என்றால் அது நான்தான்.

1969இல் ஒரு நாள், நூலகத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் கஸ்தூரிரங்கன் வந்தார். கட்டம் போட்ட சட்டை. மகன் லண்டனில் வாங்கி அனுப்பியது என்று வந்ததும் வராததுமாகப் பெருமையடித்துக்கொண்டார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"வருஷத்துக்கு நாற்பத்தோரு பேர்தானா? இதுக்கு எதுக்கும்மா ஒரு பில்டிங்? எல்லாத்தையும் பம்பாய் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிடலாம்."

தப்பு என்னுடையது. புத்தகம் எடுத்துப் படிப்பவர்கள்தான் கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் வைத்தவள் நான். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாராவாரம் வருவார்கள், ஆல்பத்தைப் பார்த்து இழைக் கணக்கை எழுதிக்கொண்டு போவார்கள். புத்தகத்தைத் தொடாதவர்களுக்குப் பதிவேடு ஒரு கேடா என்று திமிராக இருந்துவிட்டேன். இங்கே பார்த்ததை நெய்தால் உள்ளங்கை அளவு துண்டு தர வேண்டும், அவ்வளவுதான். பெயரும் தேதியும் போட்டு அதை ஒரு நோட்டில் ஒட்டுவேன். அது என் சொந்த ஆசை.

அந்த நேரம் பார்த்து நெசவாளர் கங்காதரன் ஒரு துண்டோடு வந்து நின்றார். "அப்புறம் வாங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. நேரே போய், செயலாளரின் சட்டை நுனியைப் பிடித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"கோச்சிக்காதீங்க சார். இது நம்ம தறித் துணி."

"லண்டன் சட்டைய்யா இது!"

"எங்க வாங்கினா இன்னா சார்? எங்க துணிதான் கப்பல்ல அங்க போவுது. மஞ்சளுக்குப் பக்கத்துல பச்சை நாலு இழை வரணும். நீளவாக்குல பாவு ஓட்டச்சொல்ல ஒண்ணு வுட்டுட்டேன். பாருங்க, மூணுதான் கீது. அம்மாகூட அன்னைக்கி என்னைத் திட்டுச்சே!"

திட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஓடிப்போய் நோட்டை எடுத்து அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். அதே கட்டம். பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'கங்காதரன். பச்சை ஓர் இழை குறைவு.'

கஸ்தூரிரங்கன் சட்டையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல எத்தனை பேரும்மா?"

"இருநூற்றுப் பதினெட்டு சார்." என் குரல் கணீரென்று வந்தது.

"இவங்கல்லாம் பம்பாய்க்குப் போயா பார்ப்பாங்க? இங்கேயே இருக்கட்டும்."

பதிவேட்டைக் கங்காதரன் பக்கம் தள்ளி, என் பேனாவையும் கொடுத்தேன். பெயர் எழுதினார். 'எடுத்த புத்தகம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இதுல இன்னாம்மா எழுதறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரிரங்கன் சொன்னார்: "என் சட்டைன்னு எழுதுய்யா."

அப்படியே எழுதினார். அதை நான் அடிக்கவில்லை.