தையலுக்கு விட்ட இடம்

ரயில் நிலைய டிக்கெட் கவுண்டர்க்காரி வயிற்றில் ஒரு வாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் அந்த வீட்டில் எதுவும் மூடிக்கொள்ளவில்லை. வாசற்கதவைத் தாழிட்டால் தாழ் தானாக நழுவியது. அலமாரிகள் மெல்லத் திறந்து உள்ளே மடித்து வைத்ததை எல்லாம் காட்டின. சர்க்கரை டப்பாவின் மூடி மேஜையில் கிடந்தது. மழையே இல்லாதபோதும் குடை கூடத்தில் விரிந்து நின்றது. தெருவில் முதல் வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

மலக்குடலில் இருந்த கட்டியை வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டு ஆறும்வரை அந்தப் பக்கம் எதுவும் போகாதபடி சிறுகுடலின் ஒரு மடிப்பை டாக்டர் வயிற்றுக்கு வெளியே இழுத்து வைத்திருந்தார். ஸ்டோமா என்றார்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் நனைந்த சிவப்பு மொட்டுபோல இருந்தது. தொட்டால் வலிக்காது, ஆனால் சும்மாவும் இருக்காது. யாரையும் கேட்காமல் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அழுவாள் என்று நர்ஸ் தயாராக நின்றிருந்தாள். அவளோ, பிறந்த நாளிலிருந்து உள்ளே ஒருத்தி இப்படி ஓயாமல் உழைத்திருக்கிறாளே, ஒரு நாளாவது விசாரித்தோமா என்று மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் பெண்களுக்குத் தைக்கும் தையல்காரர். உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு வேலை செய்வதால் பேசமாட்டார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். குண்டூசி இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதை எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். பகலெல்லாம் கவுண்டர் துவாரம் வழியே ஊராரோடு பேசிவிட்டு, மாலையில் வீட்டுச் சுவரோடு பேசிப் பழகியிருந்தாள்.

ஸ்டோமா வழியே வரும் கழிவைப் பிடிக்க வயிற்றில் ஒரு பை. அதை மாட்டும் ஒட்டுத்தகட்டில் ஸ்டோமாவின் அளவுக்கு வட்டம் வெட்டும் வேலையை அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். கத்தரி பிடித்த கை. வட்டம் அச்சில் வார்த்ததுபோல வந்தது. ஆனால் பை கசிந்தது. சுற்றியிருந்த தோல் வெந்து சிவந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கொடுத்தாள். ஸ்டோமா நர்ஸ் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்: “சார், இது சட்டை இல்ல. சுத்திலும் அரை விரல் விட்டு வெட்டியிருக்கீங்க. தையலுக்கெல்லாம் விடக்கூடாது, ஒட்டினாப்ல இருக்கணும்.”

அன்று மாலை அவள் முன்னால் மண்டியிட்டு, அளவு பார்க்கும் அட்டையை மொட்டின்மேல் வைத்தபடி அவர் வாயைத் திறந்தார். “நீ இளைச்சுப் போயிட்டே. மறுபடி உடம்பு தேறுமில்ல, அப்போ பிரிச்சு விட்டுக்கலாம்னுதான் விட்டேன்.”

அந்த வீட்டில் திறந்தது எதுவும் மூடாது என்பதால் அவர் வாயும் மூடவில்லை. அவளைப் பெண் கேட்பதற்கு முன்னால், வெறுமனே அவள் முகத்தைப் பார்க்க, போகாத ஊர்களுக்கெல்லாம் டிக்கெட் வாங்கியதைச் சொன்னார். கட்டி என்று டாக்டர் சொன்ன நாளில் யாருக்கோ தைத்த சட்டையில் இரண்டு கைகளையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்ததைச் சொன்னார். அவள் பையைக் காலி செய்யும்போதும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதவும்தான் மூடாதே. பக்கத்து வீடுகளிலிருந்து இறுகிப்போன டப்பாக்களையும் சாவி தொலைந்த பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்து, மறுநாள் தானாகத் திறந்து கிடந்ததை எடுத்துப் போனார்கள். பார்க்க வந்த நாத்தனார், “அண்ணி, பொண்ணு பார்க்க வந்தப்போ உங்க மூக்கு கோணல்னு சொன்னது நான்தான்” என்று உளறிவிட்டு, அதன்பின் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே வந்து போனாள்.

சில மாதம் கழித்து மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். உள்ளே ஒட்டு நன்றாக ஆறியிருந்தது. இனி மடிப்பைச் சேர்த்து உள்ளே வைத்து மூடிவிடலாம் என்றார் டாக்டர். வெகுநாள் வேலையில்லாமல் கிடந்த ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தப் பழக்கினாள் நர்ஸ். ஒரு டிக்கெட்டுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் நடுவில் அவள் அதையும் செய்தாள். ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால் லீவு இல்லை என்றாள். அப்புறம் சளி என்றாள். அந்த வீட்டில் எதையும் மறைத்து வைக்க முடியாது. ஒருநாள் சாப்பிடும்போது வெளியே வந்துவிட்டது.

“மூடிட்டா இந்த வீடும் மூடிக்கும். நீங்க மறுபடியும் குண்டூசிய வாயில வெச்சுப்பீங்க.”

அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. “வெச்சுப்பேனோ என்னமோ. உன் தோல் இனிமே வேகக்கூடாது. என் பேச்சு போனா போகட்டும்மா.”

ஆபரேஷன் நடந்த காலையில் வீட்டைப் பார்த்துக்கொண்ட நாத்தனார், எல்லாக் கதவுகளும் ஒரே மூச்சில் படாரென்று சாத்திக்கொண்டதையும் குடை தானாக மடங்கியதையும் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துப் பையில் போட்டாள். வார்டில் தையல்காரரின் உதடுகள் மடித்துத் தைத்ததுபோல மூடியிருந்தன. தினமும் டாக்டர் வந்து காற்று பிரிந்ததா என்று கேட்டார். பிரியவில்லை. பிரிந்தால்தான் குடல் விழித்ததாகக் கணக்கு, அதுவரை சாப்பாடும் கிடையாது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் வயிற்றைப் பார்த்தார்.

ஒரு மத்தியானம், பார்வையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில் அது வந்தது. நீளமாக, நிதானமாக, தூரத்தில் கப்பல் ஊதுவதுபோல வந்தது. பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை, உட்கார்ந்திருந்த சிலர் எழுந்துகூட நின்றார்கள்.

“வந்துடுச்சும்மா,” என்றார் தையல்காரர்.

அதோடு நிற்கவில்லை. நர்ஸிடம் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னார், விளக்கு போடும்வரை அவளிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டுப் பிரித்தபோது டாக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சுருக்குப்பை வாயை இழுப்பதுபோலச் சுற்றித் தைத்து, நடுவில் சின்னத் துளையை மூடாமல் விட்டிருந்தார்கள். அது உள்ளிருந்து தானாக ஆறி வரட்டும் என்றார் டாக்டர். தையல்காரர் அவள் பக்கம் குனிந்தார். “பாத்தியா, இவங்களும் கொஞ்சம் விட்டுத்தான் தைச்சிருக்காங்க.”

துளை ஆறி, இப்போது அங்கே இன்னொரு தொப்புள்போல ஒரு குழி இருக்கிறது. வீட்டில் எல்லாம் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. தையல் மெஷினுக்கு மேலே உள்ள ஜன்னல் மட்டும் அரை விரல் மூடுவதில்லை. மழை பெய்தால் சாரல் வரும் என்று கீழே ஒரு துணி போட்டிருக்கிறார்கள். அவர் குண்டூசிகளைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, பேசிக்கொண்டே தைக்கிறார்.