சீமூன் அண்ணன் சிகரெட் பிடிக்கவில்லை

1
இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. யாருடைய தும்மல் என்று இப்போது கேட்காதீர்கள்.

முதல் தொடக்கம்: ‘தாய்லாந்தின் சியாங்மாயில் மார்ச் மாதம் வயல் எரிக்கும் புகை சீமூனின் நுரையீரலை…’ வேண்டாம், அடித்துவிட்டேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சீமூன் பல வருட மூச்சிரைப்புக்காரர்தான். ஆனால் புகை நாட்களைத் தாண்டிவிட்டார். வெளியே போனால் மாஸ்க், வீட்டுக்குள் வந்தால் கழற்றிவிடுவோம், எல்லோரும். சிகரெட்டை விட்டு அவருக்கு ஆறு வருடம்.

2
இந்த ஊர்ப் புத்தாண்டான சொங்கிரானுக்கு முந்தின நாள் மழை கொட்டியது. அப்பாடா என்று ஊரே மாஸ்க்கைக் கழற்றியது. புத்தாண்டன்று வழக்கப்படி வரிசையாக அண்ணன் கைகளில் நீர் ஊற்றி வணங்கினோம். ஈரக் கையால் எங்கள் தலையைத் தடவி, முகத்தருகே குனிந்து வாழ்த்தினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி.

(அடிக்குறிப்பு: டாக்டர் சொன்னது, “யாருக்காவது ஜலதோஷமா? நமக்கு வெறும் மூக்கொழுகல், இவருக்கு அதுவே போதும். வைரஸா இருக்கலாம்.” இருக்கலாம்! கதை எழுதுகிற எனக்குச் சோறு போடும் சொல்.)

3
அவர் மனைவி புவாச்சான் அக்கா நம்பவில்லை.

“காத்து சுத்தமானப்புறம் எப்படித் தம்பி இழுக்கும்? திருட்டு தம் அடிச்சிருக்காரு!” உள்ளே போய் அவரிடமே கத்தினார்: “இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் பேச முடியாமல் அண்ணன் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை.

4
முடிவு ஒன்று: பிழைத்து வருகிறார், எல்லாம் மறந்துபோகிறது.

முடிவு இரண்டு: அக்கா பேசாமலேயே, அவர்… இதை என்னால் எழுத முடியாது.

சரி. புத்தாண்டு அன்று காலையே எனக்குத் தொண்டை கரகரத்தது. வரிசையில் நின்று தும்மினேன்.

“என்ன தம்பி, சளியா?” என்றார் அண்ணன்.

“புகைதாண்ணே, இன்னும் மிச்சம் இருக்கு.”

மழை கழுவிய காற்றில்! அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார்.

5
“தொண்டையில குழாய் போடப் போறோம். அப்புறம் மயக்கத்துலதான் இருப்பாரு. இப்பவே பாத்துடுங்க,” என்கிறாள் நர்ஸ்.

பெஞ்சில் அக்கா அசையவில்லை. “நீ போ. நான் வரல.” அழுத கண்ணோடு என் நோட்டை முறைக்கிறார். “எப்பப் பாரு என்னத்தத்தான் எழுதுற? படிச்சுக் காட்டு.”

எழுதியிருப்பது தமிழ். அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. அவர் மொழியில் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

நர்ஸ் மறுபடி கூப்பிடுகிறாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம்…